மூஞ்சி தெரியாத படம்

சதுரங்கப்பட்டினம் மீன் அங்காடியில் தேசம்மாளின் முகத்தை யாரும் ஊன்றிப் பார்த்தது கிடையாது. வாங்க வருகிறவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அவள் அருவாமனை மேல் குந்தியிருப்பாள். மேலிருந்து பார்த்தால் தலை வகிடும் இரண்டு கைகளும்தான் தெரியும். அந்தக் கைகளே போதும். இடது கைக்காரி. மற்றவர்கள் முதலில் தலையை அறுத்தால் இவள் வாலை அறுப்பாள், தலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள். இடது மோதிர விரலுக்கு நுனி கிடையாது. திருக்கை முள் குத்திச் சீழ்பிடித்து, பத்து வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் நறுக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்பாக்கம் குவார்ட்டர்ஸிலிருந்து வருகிறவர்கள்கூட, "அந்த மொட்ட வெரல் அம்மாகிட்ட ஆயக் குடுங்க" என்றுதான் பையை நீட்டுவார்கள். பேர் கேட்டதில்லை.

அந்தக் கைதான் அவளைச் சந்தியில் கொண்டுவந்து நிறுத்தியது.

ஐப்பசி கடைசி. புயல் கூண்டு ஏற்றி நாலு நாளாகியிருந்தது. ஃபைபர் படகுகளையெல்லாம் தெருவரைக்கும் இழுத்துக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். கடல் முள்வேலி வரைக்கும் வந்து கத்திவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. கடலுக்குப் போகாத ஆம்பிளைகள் ஏலக்கூடத்துத் தகரத்தின் கீழ் குந்தி, ஆளுக்கொரு செல்லை நோண்டிக்கொண்டிருந்தார்கள். கடலில் இருந்தால் செல்லைத் தொட நேரம் ஏது? அந்த நாலு நாள் காற்று அடிக்காமல் இருந்திருந்தால் அந்தப் படம் இந்த ஊருக்கு வராமலேகூடப் போயிருக்கும்.

முதலில் பார்த்தவன் தேவேந்திரன். தேசம்மாளின் புருஷன் மூர்த்தியும் அவனும் ஒரே படகில் பங்கு. பக்கத்து வீடும்கூட.

"டேய் மச்சான், இங்க வா. இது யார் கைன்னு சொல்லு பாப்போம்."

நாற்பது செகண்ட் துண்டு. ஒரு சங்கரா மீன். அருவாமனை. ஒரு கை வாலை முதலில் அறுக்கிறது. விரல் மொட்டை. மேலே ஒரு பெண் குரல் விசும்பி விசும்பிப் பேசுகிறது: "ரெண்டு பொண்ணு பொறந்ததும், இன்னொண்ணு நிக்காம இருக்க லூப்பு போட்டுக்கிட்டேன். வூட்ல யாருக்கும் தெரியாது. அவங்க இன்னும் ஆம்பளப் புள்ளைக்காகக் கோயில்ல தொட்டில் கட்டிக்கிட்டு இருக்காங்க. நானும் கூடப் போய்க் கும்பிட்டுட்டு வரேன்." கடைசியில் மீன் தலை தனியாக விழுகிறது. முடிந்தது.

மூர்த்தி இரண்டாம் முறை பார்க்கவில்லை. தகரத்தின் கீழ் முப்பது பேர் இருந்தார்கள். யாரோ ஒருவன், "மூர்த்தி அண்ணாத்த, தொட்டில மொத்தமா ஆர்டர் போட்டுட்டியா?" என்றான். சிரிப்பு மழைச்சத்தத்துக்கு மேலே கேட்டது.

தேசம்மாள் அப்போது வீட்டில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். காசிமேட்டிலிருந்து வந்த ஐஸ் மீன். விரலால் வயிற்றைக் கிள்ளினால் கூழாக வந்தது. மூர்த்தி நனைந்த காலோடு உள்ளே வந்து செல்லை அவள் மடியில் போட்டான்.

"இது யார் கை?"

பார்த்தாள். "என் கைதான். அந்தப் பொண்ணு எடுத்துகினு போச்சே, சித்திரையில. நீயும்தானே பாத்த?"

"அது பேசறது?"

"அது எவளோ. எனக்கு இன்னா தெரியும்?"

"கை உன்னுது, வாய் மட்டும் எவளுதோவா? பதினாலு வருசமா அந்தக் கையால சோறு துன்னுகினு கீறேன்டி. தெரியாதா எனக்கு?"

"பதினாலு வருசமா என் கொரலையும் கேட்டுகினுதான் கீற. இது என் கொரலா? சொல்லு."

மூர்த்தி யோசித்தான். அவன் யோசித்ததுதான் அவளுக்குச் சுருக்கென்றது. "கொரல மிசின்ல மாத்திடுவாங்களாம். தேவேந்திரன் சொல்றான்" என்றான்.

மாமியார் ஆதியம்மாள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். சேதி மூர்த்திக்கு முன்னாலேயே அவளிடம் வந்துவிட்டிருந்தது. மீன்காரத் தெருவில் சேதிக்குக் கால் வேண்டாம்.

"மூணு வவுத்துல நின்னு மூணும் கலைஞ்சிதே. அதான பாத்தேன். எங்க வூட்டு ரத்தத்துக்கு இன்னா கொறைன்னு பாத்தேன்."

"அத்த, லூப்பு போட்டவளுக்கு வவுத்துல எப்பிடி நிக்கும்? கொஞ்சமாச்சும் ரோசன பண்ணிப் பேசு."

"நின்னத லூப்புதான் அறுத்துத் தள்ளிச்சி. எனக்குத் தெரியாதா? மூணு ஆம்பளப் புள்ளடி. மூணும் சிங்கக்குட்டி."

ஆம்பிளைப் பிள்ளை என்று யார் பார்த்தார்கள்? முதலாவது இரண்டு மாதத்தில் போனது. இரண்டாவது, மீன் பெட்டி தூக்கி இறக்கும்போது அங்காடியிலேயே. மூன்றாவது போன மாசியில், ஐந்தாம் மாதம். அதற்குப் பிறகு படி ஏறினால் அவளுக்கு மூச்சு இரைத்தது, கண்ணைத் திறந்து எழுந்தால் வீடு சுற்றியது. தலைக்கு ஊற்றிய பதினைந்தாம் நாள் மாமியார் அவளைக் கெங்கையம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய் வேப்பமரத்தில் மரத்தொட்டில் கட்ட வைத்தாள். பெரியவள் வினிதாவுக்குப் பன்னிரண்டு, சின்னவள் சுவேதாவுக்கு ஒன்பது. இப்போது இரண்டும் செவுரோரம் நின்று அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தன.

"நாளைக்கே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள் ஆதியம்மாள். "உள்ள இன்னா கீதுன்னு பாத்துடலாம். கீதுன்னு வந்திச்சி, அப்பிடியே பழவேற்காட்டு பஸ்ல ஏத்தி உன் அண்ணங்காரன் வூட்டுக்கு அனுப்பிடுவேன். என் தம்பி பொண்ணு இன்னும் கட்டாமதான் கீறா."

"நான் இன்னா மீனா, கீறிப் பாக்கறதுக்கு? வர மாட்டேன்."

"வரலன்னா இருக்குதுன்னு அர்த்தம்" என்றான் மூர்த்தி. அதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனான்.

அன்று யாரும் சாப்பிடவில்லை. தேசம்மாளால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. நெத்திலியை மூன்று தண்ணீர் கழுவுகிற இடத்தில் ஏழு தண்ணீர் கழுவினாள். பக்கத்து வீட்டிலிருந்து தேவேந்திரனின் பெண்டாட்டி சுஜாதா ஒரு கேரி பேக்கில் கிண்ணத்தைக் கட்டி எடுத்துவந்தாள். கருவாட்டுக் குழம்பு. சுஜாதா கருவாடு போடுகிறவள். சாக்கை ரெண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே நுழைத்துத் திருப்பி ஒரு முடிச்சுப் போடுவாள். லாரியில் போட்டு உருட்டினாலும் அவிழாது.

"உன் முடிச்ச அவுக்கறதுக்குள்ள பசியே போயிடும்மே" என்று தேசம்மாள் பல்லால் கடித்துப் பார்த்துவிட்டுக் கத்தியால் அறுத்தாள்.

சுஜாதா சிரிக்கவில்லை. அவளுக்கும் இரண்டு பெண்கள். கதவோரம் நின்று முந்தானையைத் திருகினாள். "எங்க வூட்டுக்காரரு ஒரு லூசுக்கா. பாத்தோமா, மூடி வெச்சமான்னு இல்லாம ஊரையே கூட்டிட்டாரு. நீன்னு நான் நம்பலக்கா."

"ஏன் நம்பல? ஊரே நம்புது."

"சும்மா. நம்பல" என்று சொல்லிவிட்டு மழையில் ஓடினாள்.

*

அந்தப் படத்தை எடுத்த வைஷாலியை வரவழைத்தது வினிதா. படத்தின் அடியில் இருந்த நம்பருக்குத் தன் செல்லிலிருந்து, 'எங்கம்மாவ அடிக்கப் போறாங்க' என்று அனுப்பியிருக்கிறாள். நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை அந்தப் பெண்ணுக்கு. மறுநாள் காலை மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் அங்காடிக்கே வந்துவிட்டாள். கூடை பாதி காலி. வாங்குகிறவரும் இல்லை. தேசம்மாள் மட்டும் ஒரு கானாங்கெளுத்திக் குவியலுக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

சித்திரையில் அந்தப் பெண் வந்த விதமே வேறு. ஞாயிறு தோறும் வந்து சங்கரா வாங்குவாள். கூட ஜெபசிங் என்று கேமரா தூக்குகிறவன். பஸ் ஸ்டாண்டில், ரேஷன் கடைச் செவுரில், பொம்பளைங்க கக்கூஸில் எல்லாம் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். 'பேர் வேண்டாம். ஊர் வேண்டாம். இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லுங்கள்' என்று எழுதி, கீழே ஒரு செல் நம்பர். வினிதா படித்துக் காட்டியபோது தேசம்மாள், "முன்ன பின்ன தெரியாதவங்களுக்கு எவ ஒருத்தி போன் பண்ணுவா?" என்று சிரித்தாள். அப்புறம் கேமரா அவள் கைக்கு நேரே வந்து குந்தியது. ஜெபசிங், "மெதுவா வெட்டுங்கக்கா" என்றான். "மெதுவா வெட்டனா மீன் நசுங்கிடும் தம்பி, நீ உன் மிசின வேகமா ஓட்டு" என்றாள். ஒரு காலை முழுக்க எடுத்தான். கையை இத்தனை நேரம் ஒருவன் உற்றுப் பார்ப்பது அவளுக்குக் கூச்சமாகவும் கொஞ்சம் பெருமையாகவும்கூட இருந்தது. கையை மட்டும்தான் என்றார்கள். அதில் எவள் பேச்சை ஒட்டுவார்கள் என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

"சாரிக்கா" என்றாள் வைஷாலி. "முகத்தைக் காட்டக் கூடாதுன்னுதான்க்கா அவ்வளவு பாத்துப் பாத்து எடுத்தோம். போன் பண்ணவங்க குரலக்கூட விடல. ஒரு நடிகையப் பேச வெச்சோம். கை யாரோடதுன்னு யாருக்குத் தெரியப் போகுதுன்னு..."

"கண்ணு, இந்த ஊர்ல எங்க மூஞ்சிய எவன் பாத்தான்? கையத்தானே பாக்கறான். நீ மூஞ்சியக் காட்டிட்டு கைய மறைச்சிருந்தின்னா ஒருத்தனும் கண்டுக்கமாட்டான்."

வைஷாலி அழுதாள். அழுகிறவளுக்கு உட்காரப் பலகையைத் தள்ளிப் போட்டாள் தேசம்மாள்.

"நான் உங்க வீட்டுக்கு வரேன்க்கா. ஊர் முன்னாடியே சொல்றேன். அந்தக் கை வேற, பேசினவங்க வேறன்னு."

"சொன்னா?"

"நீங்க இல்லன்னு தெரிஞ்சுடும்ல?"

"நான் இல்லன்னா வேற எவன்னு தேடுவானுங்க. கடல் கத்திகினு கீது, வேற வேல இன்னா? இந்தத் தெருவுல ரெண்டு பொண்ணோட நிக்கறவ ஒம்போது பேரு. ஒம்போது பேரையும் இழுத்துகினு ஆஸ்பத்திரிக்குப் போவானுங்க. அவ மாட்டிக்குவா."

"அவங்க இந்த ஊர்தான்னு இல்லக்கா. எங்க வேணா இருக்கலாம். நம்பரையும் அழிச்சிட்டேன், பேசினதையும் அழிச்சிட்டேன். சத்தியமா எனக்கே தெரியாது."

"அப்பப் பேசாம கீறு. ஒண்ணும் சொல்லாத."

தேசம்மாள் ஒரு மீனை எடுத்து வாலை அறுத்தாள். யாரும் கேட்காத மீன். கை சும்மா இருக்க மாட்டேனென்றது.

"அவ... பேசும்போ ரொம்ப அழுதாளா?"

வைஷாலி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அழலக்கா. சிரிச்சாங்க."

"சிரிச்சாளா?"

"ஆமா. ஒரே சிரிப்பு. பேசவே முடியல அவங்களால. கடைசில, 'அவ்ளோதான் கண்ணு, நான் கெளம்பறேன், தொட்டிலுக்கு மஞ்சத்துணி வாங்கணும்'னு சொல்லிட்டு அதுக்கும் சிரிச்சாங்க."

"அப்பால படத்துல எதுக்கு அந்த இழுப்பு இழுத்து அழுவுது?"

"சிரிச்சா யாரும் நம்பமாட்டாங்கன்னு நெனச்சோம்க்கா."

தேசம்மாள் மீனைப் பிடித்தபடியே இருந்தாள். தலை இன்னும் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. காற்று ஒரு தார்ப்பாயைப் பிடுங்கிக்கொண்டு போனது. பக்கத்துக் கடைக்காரி திட்டிக்கொண்டே துரத்தினாள். சிரித்தாளாமே. ஒருத்தி, எந்த ஊர்க்காரியோ, கக்கூஸ் செவுரில் நம்பரைப் பார்த்துப் போன் போட்டுச் சிரித்திருக்கிறாள். கோயிலில் போய் நின்று கும்பிடும்போதும் உள்ளுக்குள் சிரித்திருப்பாள். இவள் மூன்றுக்கும் அழுதது போதாதென்று, அவள் சிரித்ததற்கும் இவள் அடி வாங்க வேண்டுமா?

"இந்தா, ரெண்டு மீனு எடுத்துகினு போ" என்றாள். "ஐஸ் மீனுதான். புளி தூக்கலா போடு."

வீட்டுக்குப் போய்க் கூடையைக் கவிழ்த்ததும் மாமியாரிடம் சொன்னாள்: "கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

*

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ். ஜன்னல் தகடு மூடாமல் மழை உள்ளே அடித்தது. மூர்த்தி வரவில்லை. அவனுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வெட்கம். ஆதியம்மாள் வழியெல்லாம் வாய் ஓயவில்லை. பக்கத்துச் சீட்டுக்காரியிடம், "எங்க மருமவளுக்கு வவுத்துல ஒரு சோதன" என்று மூன்று முறை சொன்னாள். தேசம்மாள் கம்பியைப் பிடித்திருந்தாள். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அடிவயிறு தானாக இறுகிக்கொண்டது. மாசியில் இதே ரோட்டில்தான், இதே மாதிரி ஒரு பஸ்ஸில், துணியை மடித்து வைத்துக்கொண்டு ரத்தத்தோடு போனாள்.

பொம்பளைங்க வார்டில் ஓ.பி. சீட்டு வாங்கி, பெஞ்சில் இரண்டு மணி நேரம். டாக்டரம்மா சின்ன வயசு. கேட்க வேண்டியதைக் கேட்டாள், படுக்க வைத்தாள், பார்த்தாள், ஸ்கேனிலும் வைத்து உருட்டினாள்.

"லூப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. யாரு சொன்னா உங்களுக்கு?"

"படத்துல சொன்னாங்க" என்றாள் தேசம்மாள்.

ஆதியம்மாள் கதவிடுக்கில் தலையை விட்டாள். "டாக்டரம்மா, அத இந்தச் சீட்டுலயே எழுதிக் குடுத்துடு தாயி. ஊருல காட்டணும்."

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக எழுதினாள். இங்கிலீஷில் இரண்டு வரி, தேதி, கையெழுத்து. பிறகு தேசம்மாளைப் பார்த்து, "ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. மூணு தடவ கலைஞ்ச உடம்பு. இப்போதைக்கு இன்னொண்ணு தாங்காது. வீட்ல சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வீட்டில் சொல்லுங்க. தேசம்மாள் சீட்டை மாமியார் கையில் கொடுத்தாள். ஆதியம்மாள் அதைப் படிக்கத் தெரியாமலே மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "நான் அப்பவே சொன்னேன், என் மருமவ அப்பிடிப்பட்டவ இல்லன்னு" என்றாள். எவளிடம் சொன்னாளோ. செல்லை எடுத்து மகனுக்குப் போட்டுக்கொண்டே வராந்தா முனைக்குப் போனாள், சிக்னலுக்காக.

"அத்த, ரத்தத்துக்கு ஊசி போடறாங்களாம். செத்த நேரம் ஆவும்" என்றாள் தேசம்மாள்.

"போட்டுகினு வா, போட்டுகினு வா. அலோ, நைனா, ஒண்ணும் இல்லடா, சுத்தமா ஒண்ணும் இல்ல..."

உள்ளே ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி தட்டில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சில் ஜெனிட்டா என்று பேர். கண்ணாடி போட்ட தடித்த பொம்பளை.

"இன்னும் இன்னாம்மா? அதான் பாத்தாச்சில்ல?"

"சிஸ்டர். அது... இல்லன்னு எழுதிக் குடுத்தாங்களே, லூப்பு. அத இப்போ போட முடியுமா?"

ஜெனிட்டா கையில் இருந்ததை வைத்தாள். தேசம்மாளையும் கதவையும் ஒருமுறை பார்த்தாள். "தலைக்கு ஊத்தினது எப்போ?"

"முந்தாநேத்து."

"மூணாவது கலைஞ்சது?"

"மாசியில. அஞ்சு மாசம்."

"புருசனுக்குத் தெரியுமா?"

தேசம்மாள் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அட, சும்மாக் கேட்டேன்மே. அவன் கையெழுத்து ஒண்ணும் வாணாம், உன் கையெழுத்துப் போதும்" என்று ஜெனிட்டா திரைச்சீலையை இழுத்து மறைத்தாள். உள்ளே போய் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு வந்தாள். "பத்து வருசத்துக்குத் தாங்கும். ரெண்டு மூணு நாளு வலிக்கும், தூரமாவும்போது ரத்தம் கொஞ்சம் அதிகமாப் போவும். ரத்தம் கம்மின்றதால மாத்திர தரேன், வுடாம துன்னு. பெட்டி கிட்டி தூக்காத."

"வெளியில சொல்லிடாத சிஸ்டர். தோ, அங்க நிக்கறாங்க."

"ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குப் போடறேன். வாசல்ல மைக்கப் புடிச்சி சொல்லிகினா கீறேன்? கால மடக்கு. மூச்ச இழுத்து வுடு."

சுருக்கென்று ஒரு வலி. பிறகு உள்ளே எங்கோ ஒரு கை பிடித்துத் திருகுகிற மாதிரி. மேலே ஃபேன் ஆடிக்கொண்டே சுற்றியது. தேசம்மாள் அந்த ஃபேனைப் பார்த்தபடி இருந்தாள். ஏதோ முட்டிக்கொண்டு வந்தது. அழுகை என்று நினைத்தாள். வாயைத் திறந்ததும் சிரிப்பாக வந்தது.

"இன்னாமே, வலிக்குதா கூசுதா?" என்றாள் ஜெனிட்டா.

"ஒண்ணும் இல்ல சிஸ்டர்." புறங்கையால் வாயை அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "மஞ்சத்துணி ஞாபகம் வந்திச்சி."

லூப்பு போட்டதற்கு அட்டை ஒன்று எழுதிக் கொடுத்தாள் ஜெனிட்டா. தேசம்மாள் வாங்கவில்லை. "நீயே வெச்சிக்க சிஸ்டர். எங்க வூட்ல காயிதத்துக்கு மறைவிடம் கெடையாது." ஜெனிட்டா நம்பரை மட்டும் நோட்டில் குறித்துவிட்டு, அட்டையைத் தன் மேஜை டிராயரில் போட்டாள்.

*

புயல் எங்கேயோ ஆந்திரா பக்கம் ஒதுங்கிப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை வெயில் வந்தது. மூர்த்தி காலையில் தானே தேசம்மாளுக்கு நாஸ்தா வாங்கிவந்து வைத்தான். பூரி. "துன்னு" என்றான். அதற்கு மேல் மன்னிப்பு அவனுக்குத் தெரியாது. ஓ.பி. சீட்டு ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு வந்திருந்தது. ஆதியம்மாள் அதை ஒன்பது வீட்டு வாசலிலும் விரித்துக் காட்டிவிட்டு, மடித்துச் சுருக்குப்பையில் வைத்திருந்தாள். தேவேந்திரன் படத்தை அழித்துவிட்டானாம். "மிசின்ல ஏதோ மிஸ்டேக்கு மச்சான்" என்று மூர்த்தி தோளில் கைபோட்டானாம்.

"இன்னிக்கே ஒரு தொட்டில் கட்டிடலாம்" என்றாள் ஆதியம்மாள். "பழி தீந்த கையோட கட்னா அம்மா சும்மா வுடமாட்டா."

"கட்லாம் அத்த" என்றாள் தேசம்மாள். "மஞ்சத்துணி நான் வாங்கியாறேன்."

கெங்கையம்மன் கோயில் வேப்பமரத்தில் இலையைவிடத் தொட்டில்தான் அதிகம். விரல் நீள மரத்தொட்டில்கள், மழையில் ஊறிக் கறுத்துப்போனவை, சாயம் வெளுத்தவை. ஆதியம்மாள் கற்பூரம் ஏற்றப் போனாள். தேசம்மாள் அடிவயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கட்டுவதற்குக் கிளை தேடினாள். வலி இன்னும் முழுக்க விடவில்லை.

தாழ்ந்த கிளையில், கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு தொட்டில். மஞ்சள்துணி இன்னும் முழுதாக வெளுக்கவில்லை. அவள் பார்த்தது தொட்டிலை அல்ல, முடிச்சை. இரண்டு சுற்று. உள்ளே நுழைத்துத் திருப்பியிருந்தது. காற்றும் மழையும் இத்தனை நாள் இழுத்தும் ஒரு நூல் அசையவில்லை. லாரியில் போட்டு உருட்டினாலும் அவிழாத முடிச்சு.

தேசம்மாள் திரும்பித் தெருவைப் பார்த்தாள். சுஜாதா தன் வீட்டு வாசலில் சாக்கை விரித்துக் கருவாட்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கமே பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவள் படுகிற பாடு இங்கிருந்தே தெரிந்தது. பக்கத்தில் தேவேந்திரன் படகு எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான்.

தேசம்மாள் தன் தொட்டிலை அதே கிளையில், அந்த மஞ்சள்துணியை ஒட்டிக் கட்டினாள். இடது கையால் இரண்டு சுற்று. உள்ளே நுழைத்தாள், திருப்பினாள். முதல் தடவை வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது.

ஆதியம்மாள் கற்பூரத் தட்டோடு வந்து நின்றாள். "கெட்டியா கட்னியாடி? போன தடவ மாரி காத்துல வுழுந்துடப்போவுது."

"வுழாது அத்த" என்றாள் தேசம்மாள். பல்லால் துணியின் நுனியைக் கடித்து இழுத்தாள், சிரிப்பு வெளியே தெரியாமலிருக்க. "பத்து வருசத்துக்குத் தாங்கும்."